'ஃபிக்ஸ்-அப்' என்பதற்கு 'மூட்டுப் புதினம்'

அன்புடையீர்,

முன்பு தனித்தனியே வெளிவந்த கதைகளைத் திருத்தி இணைத்து ஆக்கிய புதினத்தை ஆங்கிலத்தில் 'ஃபிக்ஸ்-அப்' என்பர். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இவ்விவாத இழையில் இதுவரை 'தொகுப்புப் புதினம்', 'கோவைப் புதினம்' என இரு பரிந்துரைகள் வந்துள்ளன. அச்சொல் குறிக்கும் செயல் இரண்டிலுமே விடுபட்டுப் போகிறது என்பது என் கருத்து.

1930களிலும் 40களிலும் அமெரிக்க அறிவியல் புனைகதையாளருக்கு இதழ்களே சந்தை. சொல்லுக்கு ஒரு சென்ட் என்ற அளவில் விலைபோன கதை, அடுத்த இதழ் வந்ததும் கடையிலிருந்து மறைந்துவிடும். போருக்குப் பின் நோம் பிரஸ், டபிள்டே முதலிய பதிப்பகங்கள் இத்துறையில் நூல் கேட்கத் தொடங்கியபோது எழுத்தாளர் பலரிடம் கைவசம் இருந்தவை பழைய இதழ்க்கதைகளே. அவற்றை வெட்டி, திருத்தி, இடையே புதிதாக எழுதிச் சேர்த்து ஒரே புதினமாக்கும் வழக்கம் அப்படித்தான் பரவியது. இதற்கு 'ஃபிக்ஸ்-அப்' எனப் பெயரிட்ட அறிவியல் புனைகதையாளர் ஏ. ஈ. வான் வோக்டே அதில் கைதேர்ந்தவர்.

1939 ஜூலை 'அஸ்டவுண்டிங்' இதழில் வந்த அவருடைய 'பிளாக் டெஸ்ட்ராயர்' கதையையும், 1950இல் அது இடம்பெற்ற 'தி வாயேஜ் ஆஃப் தி ஸ்பேஸ் பீகிள்' நூலையும் அருகருகே வைத்துப் படித்தால் வேறுபாடு விளங்கும். பூனை போன்ற அந்த வேற்றுலக விலங்கு இரண்டிலும் உண்டு. ஆனால் நூலின் நாயகனான குரோவ்னர் இதழ்க்கதையில் இல்லவே இல்லை. தனித்தனிக் கதைகளை ஒரு பயணமாக ஆக்குவதற்கென்றே அவன் பின்னர் நுழைக்கப்பட்டான். (இதழ்க்கதையின் வேகம் இதனால் குறைந்தது என்பேன், அது வேறு விவாதம்.)

'தொகுப்பு' என்றால் கதைகள் மாறாமல் அடுக்கப்பட்டன என்றே பொருள்படும். 'கோவை' அழகிய சொல்தான். ஆயினும் கோவை நூலான திருக்கோவையாரின் நானூறு பாடல்களும் அகப்பொருள் துறை வரிசைக்கெனவே பாடப்பட்டவை. தனித்தனியே வெளிவந்து பின்னர் திருத்திக் கோக்கப்பட்டவை அல்ல. ஆகவே அதுவும் பொருந்தாது.

சாரத்தின் (கைலியின்) இரு முனைகளையும் சேர்த்துத் தைப்பதை 'மூட்டுதல்' என்கிறோம். தனியாக இருந்தவற்றை இணைத்தல், இணைப்புக்கென்று கைவேலை செய்தல் ஆகிய இரண்டும் இச்சொல்லில் அடங்குகின்றன. வினையாகவும் எளிதில் வழங்கும்: 1942 முதல் 1944 வரை இதழில் வந்த நான்கு கதைகளுக்கு முன்னே புதிய தொடக்கம் ஒன்றை எழுதிச் சேர்த்து, அசிமோவ் 1951இல் 'ஃபவுண்டேஷன்' நூலை மூட்டினார் எனலாம். கதைகளை இணைக்கப் புதிதாக எழுதப்படும் பகுதியை 'மூட்டுவாய்' என்றே குறிக்கலாம். முழங்கால் வலி நினைவுக்கு வருகிறது என்று சிலர் நகைக்கக்கூடும். 'புதினம்' உடன் வருவதால் குழப்பம் நேராது.

அசிமோவின் 'ஐ, ரோபோ' போன்றவற்றை இதில் சேர்க்க வேண்டாம் என்பது என் துணிபு. அங்கே சூசன் கால்வின் என்னும் பாத்திரத்தின் நேர்காணல் கதைகளைச் சுற்றி நிற்கும் சட்டகமே; கதைகள் தத்தம் முடிவுகளுடன் தனித்தே நிற்கின்றன. அதனை 'சட்டகத் தொகுப்பு' எனத் தனியே பதிவு செய்யலாம்.