அம்மா வீட்டு மணி பிளான்ட்

குழு: தென்காசி வீடு

மல்லிகா அத்தை, காலை 7:10
(புகைப்படம்)
அண்ணா, நம் வீட்டுத் தென்னை மரத்தில் ஏறியிருக்கும் மணி பிளான்டிலிருந்து அம்மா கிள்ளிக் கொடுத்த கொடி இதுதான். வேளச்சேரி வீட்டுக் கூடத்தில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலில் வைத்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. கொடி நீள்கிறதே தவிர, இலைகள் வெற்றிலையில் பாதி அளவுக்குச் சிறுத்துவிட்டன. மஞ்சள் தீற்றலையும் காணவில்லை. வேறு செடியாகவே மாறிவிட்டதோ என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

சரவணன் சித்தப்பா, 7:16
அக்கா, நீங்கள் கேட்டு வாங்கிப் போனதுதான் தவறு. மணி பிளான்டை யாருக்கும் தெரியாமல் கிள்ளிக்கொண்டு போய் வைத்தால்தான் செழிக்கும் என்று நம் தெருவே சொல்லுமே!

மல்லிகா அத்தை, 7:18
பெற்றவள் வீட்டில் நான் எதைத் திருடுவது, சரவணா? அண்ணா வரட்டும், அவரிடமே கேட்டுக்கொள்கிறேன்.

பெரியப்பா, 7:41
செடி மாறவில்லை, மல்லிகா. இலையின் மஞ்சள் பகுதியில் பச்சையம் மிகக் குறைவு என்பதால், உணவு தயாரிக்கும் வேலையில் அந்த இடத்தால் பெரிய உதவி இல்லை. வெளிச்சம் போதாத மூலையில் மாட்டிக்கொண்ட கொடி, இலை முழுவதையும் பச்சையாக்கித்தான் பிழைக்கப் பார்க்கும். பாட்டிலுக்கு மேலே உன் கையை நீட்டிப் பார். விரல்களின் நிழல் மங்கலாகவாவது விழுந்தால் அந்த இடம் போதும். நிழலே விழாவிட்டால் அங்கே செடி உயிரோடு இருக்கும், அவ்வளவுதான்.

மல்லிகா அத்தை, 7:46
பார்த்துவிட்டேன், அண்ணா. நிழல் விழவே இல்லை.

பெரியப்பா, 7:58
நினைத்தேன். கிழக்குச் சன்னலுக்கு அருகில் வை. இளங்காலை வெயில் சற்று நேரம் பட்டால் பாதகமில்லை. ஆனால் பால்கனியில் நடுப்பகல் வெயிலில் கொண்டுபோய் வைத்துவிடாதே, இலை வெளுத்துக் கருகிவிடும்.

இலை சிறுத்ததற்கு வெளிச்சம் பாதிக் காரணம்தான். கொடி தொங்கிக்கொண்டிருப்பது மற்றொரு காரணம். இது மரமேறும் கொடி. கணுக்களிலிருந்து வரும் வேர்கள் பட்டையைப் பற்றிக்கொண்டு மேலே போகப் போக, இலைகள் பெருத்துக்கொண்டே வரும். நம் தென்னையில் இருபதடி உயரத்தில் முறம் அளவுக்கு விரிந்து, ஓரங்களில் கிழிந்தாற்போல் பிளவுபட்டுத் தொங்கும் இலையும், அடியில் உள்ளங்கை அளவு இருக்கும் இலையும் ஒரே கொடியினுடையவை என்று சொன்னபோது, தேங்காய் பறிக்க வந்தவர் கடைசிவரை நம்பவே இல்லை.

கவின், 8:05
பெரியப்பா, மணி பிளான்ட் வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்யும் என்று நாசாவே சொல்லியிருப்பதாக எனக்கு ஒரு செய்தி வந்தது. அப்படியானால் அத்தை கூடத்தில் வைத்தது நல்லதுதானே?

பெரியப்பா, 8:20
நாசா ஆய்வு 1989இல் வெளிவந்தது உண்மைதான், கவின். ஆனால் அது இறுக மூடிய சிறு அறைகளில் செய்த சோதனை. அத்தகைய சோதனைகளையெல்லாம் சேர்த்துப் பின்னர் கணக்கிட்டவர்கள், சன்னல் வழியாக இயல்பாக வந்துபோகும் காற்று செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால், ஒரு சதுர மீட்டர் தரைக்குக் குறைந்தது 10 செடிகளாவது தேவைப்படும் என்று 2019இல் எழுதினார்கள். அத்தை வீட்டில் பிறகு சோபா போட இடம் இருக்காது.

அகிலா அண்ணி, 8:27
மாமா, பாப்பா இப்போது தவழ்ந்துபோய்க் கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைக்கிறாள். எங்கள் வீட்டிலும் இந்தச் செடி தரையில்தான் இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

பெரியப்பா, 8:33
இன்றைக்கே உயரத்தில் தூக்கி வைத்துவிடு, அம்மா. சேப்பங்கிழங்கு நாக்கை அரிக்கிறதே, அந்தக் குடும்பம்தான் இதுவும். இலையிலும் தண்டிலும் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருப்பதால், கடித்தால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். பூனை, நாய்க்கும் ஆகாது.

சரவணன் சித்தப்பா, 8:40
அக்கா, அந்தப் பாட்டில் தண்ணீரை எப்போது மாற்றினீர்கள் என்று யாருமே கேட்கவில்லையே?

மல்லிகா அத்தை, 8:44
குறையும்போது மேலே ஊற்றிக்கொள்வேன். முழுவதும் மாற்றி இரண்டு மாதம் இருக்கும்.

பெரியப்பா, 8:52
அது கூடாது. டெங்கு பரப்பும் கொசு முட்டையிட இப்படிப்பட்ட தெளிந்த தண்ணீரைத்தான் தேடி வரும்; முட்டை கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். அந்த முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாட்டிலின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாமல் இருக்கும் என்பதால், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒரு நாள் உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். அதைவிட மண்ணுக்கு மாற்றிவிடுவதே நல்லது என்பேன்.

செம்மண் இரண்டு பங்கு, தென்னை நார்த்தூள் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு என்பது என் கணக்கு. தொட்டியின் நடுவே தென்னை நார் சுற்றிய கம்பு ஒன்றை ஊன்றி, நர்சரியில் மாஸ் ஸ்டிக் என்று கேட்டால் தருவார்கள், கொடியின் கணுக்கள் நாரில் படும்படி தளர்வாகக் கட்டு. நாரை அவ்வப்போது நனைத்து வை. தண்ணீரிலேயே பழகிய வேர்கள் மண்ணில் முதலில் திணறும் என்பதால், இரண்டு வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொள். அதன்பின் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, மண் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்று. பாசத்தால் தினமும் ஊற்றினால் வேர் அழுகிவிடும்.

கவின், 9:01
தென்னையில் அவ்வளவு உயரம் ஏறியும் இது ஏன் பூப்பதே இல்லை?

பெரியப்பா, 9:09
இதன் தாய்மண் பசிபிக் கடலில், பிரெஞ்சுப் பாலினேசியாவிலுள்ள மூரியா என்ற சிறு தீவு. பூப்பதற்குத் தேவையான ஜிப்ரலின் என்ற ஊக்கி இந்தச் செடியில் ஊறாமல் போனதே காரணம் என்று 2016இல் கண்டுபிடித்தார்கள். பூவும் விதையும் இல்லாமல், ஒருவர் கிள்ளிக் கொடுத்து மற்றொருவர் நட்டே இது உலகமெல்லாம் பரவியிருக்கிறது. சரவணனின் திருட்டுக் கதைக்கு இதில் கொஞ்சம் இடம் உண்டு.

மல்லிகா அத்தை, 9:15
சன்னலருகே வைத்தால் இந்தப் பச்சை இலைகளில் மஞ்சள் திரும்பி வருமா, அண்ணா?

பெரியப்பா, 9:22
பச்சையாகிவிட்ட இலை அப்படியேதான் இருக்கும். படத்தைப் பெரிதாக்கி எண்ணினேன். பதினான்கு இலைகளில் அடியிலுள்ள ஐந்தில் மட்டும் மஞ்சள் நன்றாகத் தெரிகிறது. ஐந்தாவது இலையின் கணுவுக்கு அரை அங்குலம் மேலே வெட்டிவிடு. அந்தக் கணுவிலிருந்து புதிதாகக் கிளம்பும் தளிரில் மஞ்சளைப் பார்க்கலாம்.

மல்லிகா அத்தை, 9:25
அம்மா தன் கையால் கிள்ளிக் கொடுத்தது, அண்ணா. அதில் கத்தி வைக்க எனக்கு மனம் வரவில்லை.

பெரியப்பா, 9:31
அம்மா கிள்ளிக் கொடுத்த துண்டு அடியிலுள்ள அந்த ஐந்து இலைக்குள்தான் இருக்கிறது. அதை யாரும் தொடப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் சென்னைக்கு வருகிறேன், மண்ணையும் நார்க் கம்பையும் மட்டும் வாங்கி வை. வெட்டும் நேரத்தில் நீ சமையலறையில் காபி போட்டுக்கொண்டிரு.