வானத்தில் பார்த்ததில் இன்னும் மனசை விட்டுப் போகாதது எது?

மலையடிவாரம்:

எனக்கு ஒமேகா சென்டாரி, தெற்கு வானத்தில் நெருக்கமாகத் திரண்டு கிடக்கும் ஒரு நட்சத்திரக் கூட்டம். ஜவ்வாது மலையில், காவலூரைத் தாண்டி ஒரு நண்பரின் நிலத்தில் எட்டங்குல டாப்சோனியன் டெலஸ்கோப்பைப் போட்டிருந்தோம். சித்திரை மாசம், நிலா இல்லாத ராத்திரி. சித்திரை நட்சத்திரம் உச்சியைத் தொட்ட நேரத்தில் அதிலிருந்து நேராகத் தெற்கே இறங்கி வந்தால், அடிவானத்திலிருந்து முப்பது டிகிரி உயரத்தில் இது நின்றது. டெல்லியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இதில் பாதி உயரம்கூடக் கிடைக்காது.

பக்கத்துப் பட்டியில் ஆட்டுக்குக் காவல் படுக்கும் பெரியவர் ஒருவர் டார்ச்சோடு வந்தார். அணைக்கச் சொன்னதும் அணைத்துவிட்டார். குனிந்து ஐபீஸில் கண்ணை வைத்தவர் ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை. அப்புறம் நிமிர்ந்து, நாங்கள் எதுவும் சொல்வதற்கு முன்பே தெற்கே கையை நீட்டினார். "அங்க மங்கலா ஒண்ணு இருக்கே, அதைத்தானே காட்டுறீங்க? மத்த மீனெல்லாம் மினுக்கும், அது மட்டும் மினுக்காது. ஆனி ஆடியில பொழுது எறங்கினதும் மேக்கால சாஞ்சு நிக்கும்."

அத்தனையும் சரி. மினுக்காது என்பதை நான் எந்தப் புத்தகத்திலும் கவனித்துப் படித்ததில்லை. புள்ளியாக இல்லாமல் பரந்து கிடப்பதால் காற்று அதை ஆட்டிப் பார்க்க முடிவதில்லை. மனிதர் வெறுங்கண்ணால் அதைப் பிரித்து வைத்திருக்கிறார், மாசக் கணக்கோடு. டெலஸ்கோப்பில் பொடிப்பொடியாகத் தெரிந்ததைப் பற்றி அவர் கேட்டது ஒன்றுதான்: "இத்தனையும் அந்த ஒண்ணுக்குள்ளயா இருக்குது?" ஒரு கோடி நட்சத்திரம் இருக்கும் என்றேன். இன்னொரு தடவை குனிந்து பார்த்தார்.

இப்படி உங்களுக்கும் ஏதாவது இருக்கும். எழுதுங்கள்.

மொட்டைமாடி97:

ஒமேகா சென்டாரி வெறுங்கண்ணுக்குத் தெரியுமா என்று யாராவது சந்தேகப்படுவதற்குள் சொல்லிவிடுகிறேன், தெரியும். அதன் ஒளியளவு நாலுக்குக் கொஞ்சம் உள்ளேதான் (எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும், நல்ல இருட்டில் வெறுங்கண் ஆறு வரைக்கும் பார்க்கும்). ஊர் வெளிச்சத்தில் தேடினால்தான் கிடைக்காது.

நான் சொல்லப்போவது 1997, ஹேல்-பாப் வால் நட்சத்திரம். பங்குனி கடைசி, திருச்சிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சாயங்காலம் வடமேற்கில் தெரிகிறது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். மாடியில் நின்று பார்த்தால் தலை மட்டும் தெரிந்தது, வால் இருக்கிறதா இல்லையா என்று இழுபறி. ஏழரைக்குக் கரண்ட் போனது. அவ்வளவுதான். வால் மேல்நோக்கி விசிறியாக விரிந்துவிட்டது. தெருவில் எல்லாரும் விசிறிமட்டையோடு வாசலுக்கு வந்தார்கள், ஒருவர் கைகாட்ட, அடுத்த வீட்டுக்காரர் பார்க்க, கடைசி வீடு வரைக்கும் தலைகள் வடமேற்கே திரும்பின. வால்வெள்ளி தெரிந்தால் நாட்டுக்கு ஆகாது என்று எங்கள் பெரியம்மா வாய்க்கு வாய் சொல்வார். அன்றைக்கு அவரும் நின்று பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

அரை மணி நேரத்தில் கரண்ட் வந்தது, தெருவிளக்கு எரிந்தது, வால் போயிற்று. கரண்ட் வந்ததற்கு ஒரு தெருவே "ச்சே" என்றதை நான் வாழ்க்கையில் அந்த ஒரு தரம்தான் கேட்டேன். அதற்கப்புறம் அப்படியொரு வால் நட்சத்திரம் வரவே இல்லை.

வடமராட்சி:

2010 தை (ஜனவரி) 15, வளையச் சூரிய கிரகணம். சண்டை முடிந்து எட்டு மாதம். அதுவரைக்கும் இரவில் முற்றத்தில் நின்று வானம் பார்ப்பதென்பது எங்களுக்கு அவ்வளவு இலேசான காரியம் இல்லை. அதனால் பட்டப்பகலில் வந்த இந்தக் காட்சிதான் என் முதல் காட்சி.

கிரகணம் முடியும்வரை ஒருத்தரும் வெளியில் போகக்கூடாது என்று அம்மம்மா கதவைச் சாத்திவிட்டார். ஒன்றரை மணியளவில் வீட்டுக்குள் வெளிச்சம் வேறு மாதிரி ஆனது. மாலை வெளிச்சம் மஞ்சளாக இருக்குமல்லவா, இது அப்படியில்லை, வெள்ளி பூசின மாதிரி. யன்னலால் பார்த்தேன். காலையில் கூட்டிவிட்ட மணல் முற்றத்தில், வேப்பமரத்து நிழல் முழுக்க வளையங்கள். நூற்றுக்கணக்கில். ஒவ்வொன்றும் ஒரு மோதிரம், காற்று அடித்தால் எல்லாம் சேர்ந்து அசையும். நான் சத்தம் போட, அம்மம்மா வந்து யன்னலடியில் நின்றார். "இதென்ன பிள்ளை, ஆர் வரைஞ்சது?" என்று கேட்டார்.

எங்கட பக்கம் வளையம் பத்து நிமிஷத்துக்குக் கிட்ட நின்றது. அவர் கதவைத் திறக்கவில்லை, ஆனால் கடைசிவரை யன்னலை விட்டு நகரவும் இல்லை.

லென்ஸ்பிரியன்:

என் அனுபவம் சுருக்கமானது. 2020 டிசம்பர் 21, வியாழனும் சனியும் பத்தில் ஒரு டிகிரி இடைவெளியில். சென்னையில் மேகம். மறைகிற நேரத்தில் சின்ன இடைவெளி விட்டது. ஒரே ஐபீஸில் இந்தப் பக்கம் சனியின் வளையம், அந்தப் பக்கம் வியாழனின் நிலாக்கள். மூடிக்கொண்டது. பார்த்துவிட்டேன்.

வடமராட்சி அன்பர் எழுதியதைப் படித்ததும் சில விஷயங்கள் சொல்லத் தோன்றுகிறது. இலைகளுக்கு நடுவிலுள்ள ஒவ்வொரு இடுக்கும் ஊசித்துளை கேமரா. வளையம் மட்டுமில்லை, சாதாரண நாளில் மர நிழலில் விழும் வட்ட வட்டமான வெயிலும் சூரியனின் பிம்பம்தான். ஓட்டு வீட்டில் ஓட்டைவழியாகத் தரையில் விழுகிறதே, அதுவும். துளைக்கும் தரைக்கும் உள்ள தூரத்தை 108 ஆல் வகுத்தால் பிம்பத்தின் அளவு வந்துவிடும். ஒரு மீட்டருக்கு 9 மில்லிமீட்டர். மூன்று மீட்டர் என்றால் ரூபாய் நாணயத்தை விடப் பெரிசு. அட்டையில் குண்டூசியால் குத்தினால் போதும், சல்லடையைப் பிடித்தால் ஒரே நேரத்தில் நூறு கிரகணம் பார்க்கலாம்.

அப்புறம் கண் விஷயம். எக்ஸ்ரே பிலிம், புகை பிடித்த கண்ணாடி, கூலிங் கிளாஸ் எதுவும் வேண்டாம். பாத்திரத்தில் மஞ்சள் தண்ணீரோ சாணித் தண்ணீரோ ஊற்றி அதில் பார்ப்பார்கள், அதையும் உற்றுப் பார்க்கக்கூடாது. விழித்திரைக்கு வலி தெரியாது, சுடுவது அப்போது தெரியவே தெரியாது. ஐஎஸ்ஓ 12312-2 முத்திரை உள்ள கிரகணக் கண்ணாடி வாங்குங்கள், அதில் கீறல் விழுந்திருந்தால் தூக்கிப் போடுங்கள். அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பைனாகுலரில் பார்க்கவே கூடாது. வடிகட்டி பைனாகுலரின் முன்பக்கம், பெரிய லென்ஸின் மேல் இருக்க வேண்டும். நம் பக்கம் அடுத்த வளையக் கிரகணம் 2031 மே 21. மதுரை வழியாகப் போகிறது. இப்போதே விடுமுறை சொல்லி வைத்துவிடுங்கள்.

அரூர் டீச்சர்:

லென்ஸ்பிரியன் சார், அவர் ஜன்னலுக்குள் இருந்து நிழலைத்தானே பார்த்தார், கண்ணைப் பற்றி இவ்வளவு எதற்கு? ஆனால் அந்த 108 கணக்கை எங்கள் ஏழாம் வகுப்புக்கு எடுத்துக்கொள்கிறேன், நன்றி.

எனக்கு அருந்ததி. வைகாசியில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். காலை பத்து மணிக்கு வானத்தைக் காட்டி அருந்ததி பார்த்தாயிற்று என்று முடித்துவிட்டார்கள். ராத்திரி ஒன்பது மணிக்குக் கல்யாணப் பெண் என்னிடம் வந்து, "அக்கா, நிஜமாவே பார்க்க முடியுமா?" என்றாள். அந்த மாசத்தில் அந்த நேரத்தில் சப்தரிஷி மண்டலம் வடக்கே நன்றாக மேலே ஏறியிருக்கும். பெண் வீட்டு மாடிக்குப் போனோம். வாசலில் கட்டியிருந்த சீரியல் லைட்டை மாப்பிள்ளையின் தம்பி போய்ப் பிடுங்கிவிட்டான்.

எங்களோடு பெண்ணின் பாட்டியும் ஏறி வந்தார், எழுபத்தெட்டு வயது, ரெண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் ஆனவர். வால் பகுதியில் நடு நட்சத்திரம், அதுதான் வசிஷ்டர், அதற்குப் பக்கத்தில் என்று கை காட்டினேன். மாப்பிள்ளை பார்த்துவிட்டேன் என்றார், எந்தப் பக்கம் என்று கேட்டதற்கு இடது என்றார். பாட்டி பதில் சொல்ல அவசரப்படவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்று பார்த்தார். "வலப்பக்கம். கொஞ்சம் கீழ. பொடிசா ஒட்டிக்கிட்டு இருக்கு, அதுவா?" அதேதான்.

"எத்தனை கல்யாணத்துல வானத்தைப் பார்த்துக் கும்பிட்டிருக்கேன், இன்னைக்குத்தாண்டி இவளைப் பார்க்கிறேன்" என்றார். அதை அவர் சந்தோஷமாகச் சொன்னாரா வருத்தமாகச் சொன்னாரா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பைனாகுலரைக் கொடுத்தேன், வேண்டாம் என்றுவிட்டார். அந்த வசிஷ்டரையே டெலஸ்கோப்பில் பார்த்தால் இரண்டாகப் பிரியும் என்பதை இன்னொரு நாள் காட்ட வேண்டும்.

தில்லைவாசி:

மொட்டைமாடி அண்ணன் 1997க்கு அப்புறம் வரவே இல்லை என்று எழுதியதை ஒப்புக்கொள்ள மாட்டேன். 2024 செப்டம்பர் கடைசியில் சுசின்ஷான்-அட்லஸ் வால் நட்சத்திரம் வந்ததே. பரங்கிப்பேட்டை கடற்கரையில் விடியற்காலை, கிழக்கே கடலுக்கு மேலே, பைனாகுலரில் வால் நெட்டுக்குத்தாக நின்றது. ஹேல்-பாப் அளவுக்கு இல்லைதான், ஆனால் வரவே இல்லை என்று சொல்லிவிட்டால் அடுத்தது வரும்போது யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். ஐந்து மணிக்கு எழ வேண்டும், கிழக்கு திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் செலவு.

என்னை விடாதது வேறு. 2020 ஜனவரி 10, சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனம். விடியற்காலை அபிஷேகத்துக்குக் கூட்டம் நெருக்கித் தள்ளியது. வெளிப்பிராகாரத்தில் நின்று மேற்கே பார்த்தேன். பக்கத்தில் நிலா வேறு. திருவாதிரை வழக்கமாக அதே ஓரியன் (வேட்டைக்காரன்) மண்டலத்திலுள்ள ரைகல் நட்சத்திரத்தோடு பிரகாசத்தில் போட்டி போடும். அன்றைக்கு வேட்டைக்காரனின் மறுதோளில் இருக்கும் பெலாட்ரிக்ஸை விடக் கொஞ்சம்தான் தூக்கலாக இருந்தது. வெடிக்கப் போகிறதோ என்று உலகம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்த நேரம். வெடிக்கவில்லை, நட்சத்திரம் தானே கக்கிய வாயு குளிர்ந்து தூசியாகி முன்னால் நின்றுவிட்டது என்று பிற்பாடு கண்டுபிடித்தார்கள்.

பக்கத்தில் நின்ற கடலூர்க்கார அம்மா ஒருவர், "தம்பி, திருவாதிரை நட்சத்திரம் எதுப்பா?" என்று கேட்டார். காட்டினேன். "இதுவா? இவ்வளவு சின்னதாவா இருக்கும்?" என்றார். போன வருஷம் பெரிசா இருந்துச்சும்மா என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கூட்டத்தோடு நகர்ந்துவிட்டார். பிப்ரவரியில் அது இன்னும் இறங்கி, ஏப்ரலில் பழைய பிரகாசத்துக்குக் கிட்ட வந்துவிட்டது. அப்போது ஊரடங்கு. அந்த அம்மாவை எங்கே போய்த் தேடிக் காட்டுவது?