கரை, காப்பீடு, கால்நடை: வெள்ள இரவில் அரசின் கண்காணிப்பை நேரில் கண்டவர்கள்

ஆற்றோர வீட்டின் உரிமையாளர்

எங்கள் வீடு ஆற்றுக்கரையிலிருந்து 400 மீட்டர் தள்ளி இருக்கிறது. வெள்ளம் வந்த இரவில் ஆறு கரையைத் தாண்டவே இல்லை; கரையின் மேல்விளிம்புக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே ஒரு முழம் மிச்சம் இருந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். அப்படியிருந்தும் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அது எந்த வழியாக வந்தது என்ற ஒரே கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்க எனக்கு ஏறத்தாழ ஐந்து மாதம் பிடித்தது. அதற்குள் கரையைப் பராமரிக்கும் அலுவலகம், காப்பீட்டுக் குறைகளைத் தீர்க்கும் அரசு அமைப்பு, விலங்கு நலத்துக்குப் பொறுப்பான துறை ஆகிய மூன்றின் படியும் ஏறி இறங்கிவிட்டேன். அங்கே கண்டவற்றை, இதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் தெருவின் மழைநீர் வடிகால், கரைக்கு அடியில் செல்லும் ஒரு குழாய் வழியாக ஆற்றில் சேர்கிறது. குழாயின் ஆற்றுப்பக்க முனையில், மேலே கீல் வைத்துத் தொங்கவிட்ட ஓர் இரும்புத் தட்டுக் கதவு உண்டு. வடிகால் நீர் உள்ளிருந்து தள்ளும்போது அது திறக்கும். ஆறு உயர்ந்தால் ஆற்று நீரின் அழுத்தமே அதைச் சாத்திவிடும். அதற்கு மின்சாரமும் வேண்டாம், ஆளும் வேண்டாம். ஆனால் கீல் துருப்பிடித்துவிட்டாலோ, ஒரு மரக்கிளை இடையில் சிக்கிக்கொண்டாலோ, கரை எத்தனை உயரமாக இருந்தும் பயனில்லை. எங்கள் கதவில் இந்த இரண்டுமே நடந்திருந்தன.

வெள்ளத்துக்கு மூன்று மாதம் முன்பே, கையகலம் திறந்தபடி நின்றுவிட்ட அந்தக் கதவைப் படம் எடுத்து, கடிதத்துடன் கரைப் பராமரிப்பு அலுவலகத்தில் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்கி வைத்திருந்தேன். கரை தங்களுடையது என்றும், குழாய் உள்ளாட்சியைச் சேர்ந்தது என்றும் அங்கே சொன்னார்கள். உள்ளாட்சியில் கேட்டபோது, குழாய் தங்களுடையதுதான், ஆனால் கதவு கரையோடு சேர்ந்தது என்றார்கள். பிற்பாடு இரண்டு அலுவலகங்களின் ஆய்வுப் பதிவேடுகளையும் நகல் கேட்டுப் பெற்றேன். இரண்டிலும் அந்த ஆண்டின் ஆய்வு முடிந்ததாகக் கையொப்பம் இருந்தது. ஒன்றில் கரையின் நீளம் எழுதப்பட்டிருந்தது, மற்றொன்றில் வடிகாலின் நீளம் எழுதப்பட்டிருந்தது. கதவு எதிலும் இல்லை.

அன்று இரவு 2 மணிக்குக் கழிவறைத் துளை வழியாகத்தான் முதலில் தண்ணீர் கொப்பளித்தது. மீட்புப் படகு விடியற்காலையில் வந்தது. நாயை ஏற்ற அனுமதி இல்லை என்று படகில் இருந்தவர்கள் சொன்னார்கள். கடுமையாகப் பேசவில்லை, தங்களுக்குத் தரப்பட்ட உத்தரவில் மனிதர்களைப் பற்றி மட்டுமே இருக்கிறது என்று வருத்தத்தோடுதான் சொன்னார்கள். மனைவியையும் பிள்ளைகளையும் அனுப்பிவிட்டு நான் நாயுடன் மாடியில் தங்கினேன். பக்கத்து வீட்டுப் பாட்டியும் வரவில்லை. "மாட்டை இந்தத் தண்ணியில கட்டிப் போட்டுட்டு நான் எங்க வரட்டும், தம்பி?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு காப்பீட்டு நிறுவனம் என் க்ளெய்மை நிராகரித்தது. பாலிசியில் வெள்ளத்துக்குப் பாதுகாப்பு உண்டு, வடிகால் நீர் பின்னோக்கி ஏறுவதற்கு இல்லை. கழிவறை வழியாகத் தண்ணீர் வந்தது என்று நானே உண்மையாகச் சொல்லியிருந்தேன். அந்த வாக்கியமே எனக்கு எதிராக நின்றது. ஆற்று நீர்தான் பழுதான கதவு வழியாக உள்ளே புகுந்தது என்பதற்கு அரசு அலுவலகத்தின் சான்று வேண்டும் என்றார்கள். சான்று தர வேண்டிய அலுவலகமோ, தன் கதவு பழுதாக இருந்ததை எழுத்தில் ஒப்புக்கொள்ளும்படி நான் கேட்பதாக நினைத்தது.

இழப்பு மதிப்பீட்டாளர், 17 ஆண்டு அனுபவம்

ஐயா, உங்கள் பதிவில் இருப்பது போன்ற வழக்குகளில் இரு தரப்புக்கும் அறிக்கை எழுதியிருக்கிறேன். நாங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் பார்ப்பது சுவரில் படிந்த சேற்றுக் கோட்டைத்தான். ஆற்று வெள்ளம் விட்டுச் செல்லும் கோடு வீடு முழுவதும், ஏன், தெரு முழுவதும் ஒரே மட்டத்தில் நேராக இருக்கும். உள்ளே உடைந்த குழாயிலிருந்து வந்த நீர் அப்படி ஒரே மட்டத்தில் நிற்காது. படிவை விரலால் தேய்த்துப் பார்த்தால், வண்டலின் நொய்மணல் தனியாகத் தெரியும். ஆகையால் வீட்டைக் கழுவும் முன் ஒவ்வொரு அறையிலும் அந்தக் கோட்டை ஓர் அளவுகோலுடன் சேர்த்துப் படம் எடுத்துவிடுங்கள். பூஞ்சை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பிடிக்கத் தொடங்கிவிடும் என்பதால் மதிப்பீட்டாளருக்காகக் காத்திருந்து ஈரத்தை அப்படியே வைத்திருக்கவும் கூடாது. படம் எடுத்துவிட்டுச் சுத்தம் செய்வதை எந்த நேர்மையான மதிப்பீட்டாளரும் குறையாகச் சொல்ல மாட்டார்.

தண்ணீர் எந்த வழியாக வந்தது என்ற சண்டை புதிதல்ல. 2005 ஆகஸ்டில் கத்ரினா புயலுக்குப் பிறகு அமெரிக்காவின் வளைகுடாக் கரையோரத்தில், வீட்டை இடித்தது காற்றா தண்ணீரா என்று ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்தது. அங்கே வழக்கமான வீட்டுக் காப்பீட்டில் காற்றுச் சேதம் அடங்கும், வெள்ளம் அடங்காது. வெள்ளத்துக்கு 1968-இல் அரசே தொடங்கிய தனித் திட்டம் இருக்கிறது. வீட்டுக் கட்டடத்துக்கு அது 2,50,000 டாலர் வரைதான் தரும். பெரும்பாலும் பாலிசி எடுத்து 30 நாள் கழிந்த பிறகே அது நடைமுறைக்கும் வரும். புயல் எச்சரிக்கையைக் கேட்டுவிட்டு எடுக்கும் பாலிசி அந்தப் புயலுக்கு உதவாது.

பிரான்சில் 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வீட்டுக் காப்பீடு எடுத்த எல்லோரிடமும் இயற்கைப் பேரிடருக்கான கூடுதல் கட்டணம் வாங்கப்படுகிறது; ஆனால் அந்தப் பகுதியில் பேரிடர் நேர்ந்ததாக அமைச்சர்களின் ஆணை வெளிவந்தால்தான் பணம் கிடைக்கும். அதாவது, இழப்பீட்டின் சாவி அரசின் கையில் இருக்கிறது. இங்கிலாந்தில் 2016 முதல் இயங்கும் வெள்ள மறுகாப்பீட்டுத் திட்டத்தில் (காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு தரும் திட்டம்), 2009 ஜனவரி 1-க்குப் பின் கட்டப்பட்ட வீடுகளுக்கு இடமில்லை. வெள்ளம் புகும் தாழ்நிலத்தில் புதிதாக வீடு கட்டுவதை ஊக்குவிக்கக் கூடாது என்பது அதன் நோக்கம். நோக்கம் சரிதான் என்றே நானும் கருதுகிறேன். ஆனால் அந்த நிலத்தில் கட்ட அனுமதி தந்தது ஓர் அரசு அமைப்பு, அதை நம்பி வாங்கியது ஒரு குடும்பம். செலவு மட்டும் குடும்பத்தின் தலையில் விழுகிறது. இது எனக்கு உறுத்துகிறது.

இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நான் பார்க்கும் மனவேதனைகளில் பாதி இதனால்தான். பிரீமியத்தைக் குறைக்க வேண்டி வீட்டின் மறுகட்டுமானச் செலவு 50 லட்சமாக இருக்க, 30 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்கிறார்கள். பிறகு 10 லட்சம் சேதமானால் 10 லட்சமும் கிடைக்கும் என்று நினைக்கிறார்கள். காப்பீடு செய்த பங்குக்கு ஏற்பவே இழப்பீடு என்று பல பாலிசிகளில் உள்ள விகித விதிப்படி 6 லட்சம்தான் கிடைக்கும். ஒழுங்குமுறை ஆணையம் பாலிசியின் வாசகத்தை அங்கீகரிக்கிறது, கெடு விதிக்கிறது, புகாரைக் கேட்கிறது. இந்த விதியை வாங்குபவருக்கு ஒருவர் உட்கார்ந்து விளக்கினாரா என்பதை எந்த ஆணையமும் வீடு வீடாக வந்து பார்ப்பதில்லை.

கால்நடை மருத்துவர்

அந்தப் பாட்டியின் கேள்வியைப் படித்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மாடுகளுக்கு நீந்தத் தெரியும். வெள்ளத்தில் நான் பார்த்த இறந்த மாடுகளில் பெரும்பாலானவற்றின் கழுத்தில் கயிறு இருந்தது. ஒரு தொழுவத்தில் ஆறு மாடுகள் வரிசையாக, முளைக்குச்சியைச் சுற்றிக் கயிறு இறுகிய நிலையில் கிடந்தன; முளைக்குச்சி பிடுங்கிக்கொண்டுவிட்ட ஏழாவது மாடு மட்டும் இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு மேட்டில் நின்று கத்திக்கொண்டிருந்தது. அழைத்துச் செல்லவே வழியில்லை என்றால் கயிற்றை அவிழ்த்து, கதவைத் திறந்துவிட்டாவது செல்ல வேண்டும். அதன் கன்றையும் கட்டிப் போடக் கூடாது, தாய் கன்றை விட்டு நகராது.

பிழைத்த மாடுகளுக்கு அடுத்த பத்து நாள்தான் கடினம். நாள்கணக்கில் சேற்றில் நின்றால் குளம்பு அழுகும், கறக்காமல் விட்ட பசுவுக்கு மடிநோய் வரும், நனைந்த தீவனத்தில் பூஞ்சை பிடிக்கும். எலிக்காய்ச்சல் மாட்டுக்கும் வரும், அதைப் பார்ப்பவருக்கும் வரும். சுற்றிலும் தண்ணீர் நிற்கும்போதுதான் குடிநீர் இல்லாமல் மாடுகள் வாடும். இவ்வளவும் தெரிந்திருந்தும், நான் பணியாற்றிய மாவட்டத்தின் வெள்ளத் தயார்நிலைத் திட்டத்தில் கால்நடைகளுக்கென்று இருந்தது ஒரே ஒரு பத்தி. முகாம்களின் பட்டியலில் மாடு கட்ட மேட்டு இடம் எது என்ற தகவல் இல்லை.

கத்ரினாவின்போது வளர்ப்புப் பிராணிகளை விட்டுவர மனமில்லாமல் பலர் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். அந்த அனுபவத்துக்குப் பிறகு 2006-இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது: மாநிலங்களும் உள்ளூர் நிர்வாகங்களும் தங்கள் அவசரகாலத் திட்டங்களில் வளர்ப்புப் பிராணிகளையும், மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் பிராணிகளையும் கணக்கில் கொள்ள வேண்டும். பிராணியைக் காப்பது மனிதரைக் காப்பதன் ஒரு பகுதி என்று ஓர் அரசு எழுத்தில் ஏற்றுக்கொண்டது பெரிய மாற்றம். ஆனால் அது பண்ணை விலங்குகளைத் தொடவில்லை. 2021 நவம்பரில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், ஒரு நூற்றாண்டுக்கு முன் ஏரியை வற்றவைத்து உருவாக்கிய சூமாஸ் சமவெளியில் கரை உடைந்தபோது, அந்த மாகாண வெள்ளத்தில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பண்ணை விலங்குகள் மடிந்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை கோழிகள். அந்த நிலம் முன்பு ஏரி என்பதை அங்கே அறியாதவர் யாரும் இல்லை. அத்தனை உயிர்களைக் கூண்டுகளில் வைத்துக்கொள்ளும் இடத்தில், வெள்ளம் வந்தால் அவற்றை எங்கே கொண்டுபோவது என்று முன்கூட்டியே கேட்கும் கடமை யாருக்கு இருக்க வேண்டும்? விலங்கு நலச் சட்டங்கள் பெரும்பாலும் வதைத்தவரைத் தண்டிக்கின்றன. வெள்ளத்தில் வதைத்தவர் என்று ஒருவரைக் கைகாட்ட முடிவதில்லை.

கால்நடைக்குக் காப்பீடு செய்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெரும்பாலும் காதுவில்லை எண்ணை வைத்துத்தான் இறந்த மாடு எது என்று உறுதி செய்வார்கள். வில்லை தெரியும்படி மாட்டின் முகத்தை இப்போதே படம் எடுத்து, வீட்டில் இல்லாமல் உறவினர் ஒருவரிடமும் ஒரு பிரதி வைத்துவிடுங்கள்.

ஓய்வுபெற்ற பொறியாளர்

கரை ஆய்வில் நான் இருந்திருக்கிறேன், எனவே பதிவேட்டைப் பற்றி முதலில் எழுதியவர் சொல்வது உண்மை என்று உறுதி கூற முடியும். எங்கள் படிவத்தில் கரையின் உயரம், சரிவு, விரிசல், எலி வளை, மரம் ஆகியவற்றுக்குக் கட்டங்கள் இருந்தன. கரையை ஊடுருவிச் செல்லும் குழாய்களுக்குக் கட்டம் இல்லை. நான் தனித்தாளில் எழுதி இணைத்தவை மேலே போனதா என்று எனக்குத் தெரிவிக்கப்பட்டதே இல்லை.

கரை உயரமாக இருப்பதும் பாதுகாப்பாக இருப்பதும் ஒன்றல்ல. கத்ரினாவின்போது அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் 17-ஆம் தெருக் கால்வாயின் வெள்ளச் சுவர், தண்ணீர் அதன் உச்சியைத் தொடும் முன்பே சரிந்தது. நெதர்லாந்தில் 1953 வெள்ளத்தில் 1,836 பேர் உயிரிழந்தார்கள். இன்று அங்கே முதன்மைக் கரைகளுக்கான பாதுகாப்பு அளவு சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது, 12 ஆண்டுக்கு ஒருமுறை அவை முழுமையாக மதிப்பிடப்படுகின்றன, நீர் நிர்வாக வாரியங்களுக்கு மக்கள் நேரடியாக வாக்களிக்கிறார்கள். வாக்கு கேட்க வருபவரிடம் ஒரு மதகைக் காட்டிக் கேள்வி கேட்க முடிவது சாதாரண விஷயமல்ல.

ஆற்றோர வீட்டின் உரிமையாளர்

அனைவருக்கும் நன்றி. விடுபட்டதைச் சொல்லி முடிக்கிறேன்.

காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் முன் என் வழக்கு இரண்டு அமர்வுகளில் முடிந்தது. சான்று கடைசிவரை வரவில்லை. ஆனால் தேதி முத்திரை பதித்த என் கடித நகலும், கதவு திறந்திருக்கும் படமும், தெருவில் பதினோரு வீடுகளில் ஒரே மட்டத்தில் நின்ற சேற்றுக் கோட்டின் படங்களும் இருந்தன. பழுதைப் பற்றி அலுவலகத்துக்கு முன்பே தெரிவிக்கப்பட்டிருந்தது என்பதும், ஆறு உயராமல் அந்த நீர் வந்திருக்க முடியாது என்பதும் பதிவாயின. கட்டடச் சேதத்துக்கான தொகை முழுவதும் கிடைத்தது. வீட்டுப் பொருள்களுக்கு, மதிப்பீட்டாளர் ஐயா சொன்ன விகித விதி காரணமாகப் பாதிக்குச் சற்று மேல் கிடைத்தது. தெருவில் மற்ற நான்கு வீட்டார் அதே ஆவணங்களைக் கொண்டு மனு செய்திருக்கிறார்கள்.

விலங்கு நலத் துறைக்கு நான் எழுதிய கடிதத்துக்கு, மீட்புப் பணி தங்கள் வரம்பில் வராது என்று பதில் வந்தது. மீட்புப் பணியை நடத்தும் துறைக்கு அந்தப் பதிலையும் இணைத்து எழுதியிருக்கிறேன். அங்கிருந்து இன்னும் பதில் இல்லை.

கதவு இப்போது ஒழுங்காகச் சாத்துகிறது. கீலை மாற்றிப் புதிதாக மசகு பூசியிருக்கிறார்கள், கரைப் பதிவேட்டில் அதற்கென்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறார்கள். மாதத்தில் ஒரு நாள் நானும் பாட்டியின் பேரனும் போய் மூடிய கதவைப் படம் எடுத்து வருகிறோம். பாட்டியின் மாடு அன்று பிழைத்துக்கொண்டது. மருத்துவர் எழுதியதைப் படித்துக் காட்டிய பிறகு, ஒரு முனையை இழுத்தால் அவிழ்ந்துவிடும் முடிச்சுப் போட்டுத்தான் அதை இரவில் கட்டுகிறார்.