இன்ஜின் சத்தம்: ஏற்றத்தில் மட்டும் வருகிற சத்தமா, எப்போதும் வருகிற சத்தமா?

பொள்ளாச்சியிலிருந்து:
ஆழியாறு தாண்டினால் வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். சித்திரை வெயில், ஏசி ஓடுகிறது, காரில் ஆள் நிறைய. மூன்றாவது கியரிலேயே வளைவைத் திருப்பி ஆக்சிலரேட்டரை மிதித்தால், தகர டப்பாவில் சில்லறையைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம். காலை எடுத்தால் நின்றுவிடும். இரண்டாவது கியருக்கு இறங்கினாலும் நின்றுவிடும்.

முதலில் பார்த்த மெக்கானிக் டப்பெட் (வால்வைத் தள்ளித் திறக்கிற பாகம்) என்றார். டப்பெட்டாக இருந்தால் வண்டி நிற்கும்போதும் டிக் டிக்கென்று கேட்கும். இதுவோ பாரம் இழுக்கும்போது மட்டும்தான் வந்தது. இதற்குப் பெயர் நாக்கிங்: பிளக் பற்ற வைத்த தீ சிலிண்டர் முழுக்கப் பரவுவதற்குள், ஓரத்தில் மிச்சமிருக்கும் பெட்ரோல் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகவே வெடித்துவிடுகிறது. அந்த அதிர்வுதான் நமக்குச் சத்தமாகக் கேட்கிறது. கடுமையாக அடிக்கிற நாக்கிங்கை அப்படியே விட்டால் பிஸ்டனே பாழாகும்.

வேறு இடத்தில் பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். இளம்பழுப்பாக இருக்க வேண்டிய பீங்கான் முனை வெள்ளை வெளேரென்று இருந்தது, மேலே பொடிப்பொடியாகப் புள்ளிகள். கையேட்டில் சொன்ன பிளக் அது இல்லை, சூட்டைச் சீக்கிரம் வெளியே விடாத ரகம். ரேடியேட்டர் இடுக்கெல்லாம் தூசியும் பூச்சியும் வேறு. பிளக்கை மாற்றி, ரேடியேட்டரைக் கழுவி, கூலண்ட்டையும் மாற்றிய பிறகு அதே மலையில் சத்தமில்லை. இடையில் 95 ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் அளவு) பெட்ரோல் போட்டபோதும் குறைந்தது உண்மைதான். ஆனால் காரணத்தைச் சரிசெய்யாமல் விலை கூடின பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

நாமக்கல்லிலிருந்து:
அண்ணா, நீங்கள் சொன்னது இன்ஜினின் மேல்பக்கம் கேட்கிற சத்தம். எங்களுக்கு வந்தது அடியிலிருந்து. சேலம் ரோட்டில் மாமா ஓட்டிக்கொண்டிருந்தார். டொக் டொக்கென்று கனமாக அடித்தது. ஓரங்கட்டி, நியூட்ரலில் வைத்து ஆக்சிலரேட்டர் கொடுத்தாலும் அதே அடி, வேகத்துக்கு ஏற்ப கூடியது. வளைவுகளில் ஆயில் லைட் மினுக்கியதாக அவர் அப்போதுதான் சொன்னார். ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக்கின் நுனியில்கூட ஆயில் ஒட்டவில்லை.

உடனே இன்ஜினை நிறுத்திவிட்டார். ஆயில் வாங்கி ஊற்றி மெதுவாகப் போய்விடலாம் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். அவர் சம்மதிக்கவே இல்லை, வண்டியைக் கட்டி இழுத்துத்தான் கொண்டுபோனோம். பிரித்தபோது, பிஸ்டனை கிராங்க் தண்டோடு இணைக்கிற கனெக்டிங் ராடின் பேரிங்கில் சாம்பல் பூச்சு தேய்ந்து, உள்ளே செம்பு நிறம் பளபளத்தது. கிராங்க்கை லேத்தில் கிரைண்டிங் செய்து, பேரிங் மாற்றியதோடு முடிந்தது. இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தால் ராட் உடைந்து இன்ஜின் பிளாக்கையே துளைத்திருக்கும். இந்தச் சத்தத்துக்கு எந்த பெட்ரோலும் மருந்தில்லை.

சென்னையிலிருந்து:
புது வண்டிகளில் சத்தமே கேட்காமல் போகலாம். பிளாக்கில் இருக்கிற நாக் சென்சார் அதிர்வைப் பிடித்ததும் கம்ப்யூட்டர் டைமிங்கை, அதாவது பிளக் தீப்பொறி விடுகிற நேரத்தை, பின்னுக்குத் தள்ளி நாக்கிங்கை அடக்கிவிடும். என் டர்போ பெட்ரோல் காரில் தெரிந்ததெல்லாம் பிக்கப் மந்தமும் மைலேஜ் குறைவும்தான். ஸ்கேனர் போட்டு, ஓட்டிக்கொண்டே டைமிங்கைப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. பெட்ரோலில் எத்தனால் கலப்பதால்தான் நாக்கிங் என்று பலர் சொல்கிறார்கள். எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம், அது நாக்கிங்கைத் தடுக்கவே செய்யும். பழைய வண்டியின் ரப்பர் பாகங்களுக்கு அது ஒத்துக்கொள்ளுமா என்பது தனிக் கேள்வி.

பொள்ளாச்சியிலிருந்து:
டீசல் பற்றித் தனியாகக் கேட்டவருக்கு: காலையில் குளிர்ந்த இன்ஜினில் கடகடவென்று வந்து, சூடானதும் அடங்கினால் பயமில்லை. சூடான பிறகும் ஒரே சிலிண்டரிலிருந்து கூர்மையாக அடித்தால் முதலில் டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.