கருவிழி மாத்தி நாலு மாசம்: விடியக் கண் குத்துறது நரம்பு வளருறதாலயோ?

அம்மாவுக்கு (62) ஒரு கண்ணில கருவிழி முழுத்தடிப்பா மாத்தினது. தையல் இன்னும் எடுக்கேல்லை. சிவப்பில்லை, பார்வையும் குறையேல்லை. ஆனா விடிய இமை திறக்கேக்க ஊசி ஏத்தினமாதிரி நோ. பகலில சோளகக் காத்துப் பட்டால் எரிவு. நரம்பு வளரேக்க இப்பிடித்தானாம் எண்டு அயலில சொல்லினம். கிளினிக்கில விடுற விறைப்பு மருந்தை வாங்கி வீட்டில விடலாமோ?

பதில் 1
விறைப்பு மருந்து வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். அது கருவிழியின்ர மேற்தோல் வளருறதை மறிக்கும். தொடர்ந்து விட்டால் புண் ஆறாமல் கருவிழியே கரையும்; நோ தெரியாதபடியால் அதுவும் தெரியாது.

விடியக் குத்து பெரும்பாலும் வேற கதை. நித்திரையில கண்ணீர் குறைய, இமை மேற்தோலோட ஒட்டும், திறக்கேக்க உரியும். டொக்டரைக் கேட்டு, படுக்க முன்னம் கீழிமைக்குள்ள ஓர் அரிசி நீளத்துக்குக் கண் களிம்பு வையுங்கோ. ஃபானை முகத்துக்கு நேர விடாதேங்கோ.

ஆனா தையல் தளர்ந்தாலும் இதே மாதிரித்தான் குத்தும். கண்ணாடியில பார்த்துப் பிடிக்கேலாது. ஸ்லிட் லாம்பில (கண் டொக்டர் கண்ணைப் பெருப்பிச்சுப் பார்க்கிற கருவி) சாயம் விட்டு நீல வெளிச்சத்தில பார்க்கோணும். தளர்ந்த நூலில சளி ஒட்டி, கிருமி அதுவழியா உள்ள இறங்கும். அடுத்த கிளினிக் திகதி வரட்டும் எண்டு இருக்காதேங்கோ, நாளைக்கே காட்டுங்கோ.

பதில் 2
நரம்பைப் பற்றி: லேசிக்கில (கண்ணாடி போடாமல் இருக்கச் செய்யிற லேசர் சிகிச்சை) கருவிழியில வெட்டித் தூக்கிற மடலின்ர ஒரு பக்கம் அறுபடாமல் தப்பும், உணர்வு பெரும்பாலும் 6–12 மாசத்தில திரும்பும். முழுத்தடிப்பில சுத்திவர எல்லா நரம்பும் அறுந்துபோம். ஓரத்திலயிருந்து நடுவுக்கு வளர வருசங்கள் எடுக்கும், சிலருக்கு நடுப்பகுதி விறைச்சபடியே இருக்கும்.

அதாலதான் சொல்லுறன், நோ இல்லையெண்டு ஆறுதல்படாதேங்கோ. உடம்பு புதுக் கருவிழியைத் தள்ளத் தொடங்கினால் சிவப்பு, வெளிச்சக் கூச்சம், மங்கல் வரும். நோ வராமலும் விடும். தினமும் காலமை நல்ல கண்ணைப் பொத்தி, ஒரே கலண்டரை ஒரே தூரத்தில நிண்டு வாசிக்கச் சொல்லுங்கோ. மூண்டில ஒண்டு வந்தாலும் அண்டைக்கே ஆஸ்பத்திரி. அப்பிடித் தள்ளாமல் இருக்க விடுற ஸ்டீரொய்ட் துளியை நீங்களா நிப்பாட்டாதேங்கோ.

பதில் 3
எரிவுக்குப் போத்தில் லேபிளைப் பாருங்கோ. பென்சல்கோனியம் குளோரைட் (மருந்து பழுதாகாமல் சேர்க்கிற பொருள்) போட்ட செயற்கைக் கண்ணீரை ஒரு நாளைக்கு 4 தரத்துக்கு மேல விட்டால் அதுவே எரிக்கும். ஒருதரம் பாவிச்சு எறியிற சின்னக் குப்பி நல்லது. வெளிய போகேக்க பக்கம் மூடின கண்ணாடி.

எரிவு மாறாட்டில் கிளினிக்கிலேயே ஒரு துளி விறைப்பு மருந்து விட்டுப் பார்ப்பினம். நிண்டால் கண் மேற்பரப்பில காரணம். நிக்காட்டில் நரம்பு நோ, அதுக்குக் குளுசை வேற.

கேட்டவர்
நாளைக்கே கூட்டிக்கொண்டு போறன். இரவில களிம்போ ஸ்டீரொய்ட்டோ முதல்?

பதில் 1
துளி முதல், 10 நிமிசம் விட்டுக் களிம்பு. களிம்பு முந்தினால் துளி உள்ள போகாது.