முதல் பெயின்ட்பால் துப்பாக்கி: எதை வாங்கலாம், எதை முதலில் மாற்றலாம்?

வணக்கம் நண்பர்களே. சாயக் குண்டுகளால் ஒருவரையொருவர் சுட்டு ஆடும் பெயின்ட்பாலை இதுவரை வாடகைத் துப்பாக்கியில்தான் ஆடுகிறேன், இனி சொந்தமாக ஒன்று வேண்டும். டிப்மேன் 98 கஸ்டம் என்ற மாடல் மேல் ஒரு கண். மெக்கானிக்கல் வகை, பேட்டரி தேவையில்லை, ஆலன் கீ (அறுகோணச் சாவி) இருந்தால் நாமே பிரித்துத் துடைத்து எண்ணெய் விடலாம். எடைதான் கொஞ்சம் அதிகம். புதியவர்களுக்கு இதைவிட நல்லது உண்டா?

அப்புறம் மேம்பாடு. பலரும் முதலில் பேரலை (குண்டு வெளியேறும் குழலை) மாற்றச் சொல்கிறார்கள். எனக்கென்னவோ குண்டைத் தள்ளும் காற்றுதான் முக்கியம் என்று படுகிறது. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரை வைத்து விடாமல் சுட்டால் அது குளிர்ந்து அழுத்தம் இறங்கிவிடுகிறது, அடுத்தடுத்த குண்டுகள் கிட்டத்திலேயே விழுகின்றன. அழுத்தக் காற்று டேங்க்கில் அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் இருப்பதால் வேகம் சீராக இருக்கும். அதில் 3000 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) டேங்க் போதுமா, 4500க்கே போய்விடலாமா?

பேரலில் நீளத்தைவிட உள்விட்டம் குண்டோடு பொருந்துவதுதான் முக்கியம், சரிதானே? கழற்றிய பேரலில் குண்டைப் போட்டால் தானாக உருண்டு விழக் கூடாது, லேசாக ஊதினால் வெளியே வர வேண்டும். ஆனால் 0.68 அங்குலக் குண்டுகளே பெட்டிக்குப் பெட்டி அளவு மாறுகின்றன. ஒரே பேரல் போதுமா, வெவ்வேறு உள்விட்டம் கொண்ட செட்டாகவே வாங்கலாமா?

முகக்கவசத்துக்குத் தனியாகப் பணம் ஒதுக்கிவிட்டேன், அதில் சமரசம் இல்லை. மற்றதில் எதை முதலில் வாங்குவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.