ஓடு பதித்த கான்கிரீட் கூரை வார்த்த அனுபவம் உள்ளவர்கள் உதவ வேண்டும்

குழுவில் உள்ள அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். தக்கலை பக்கம் வீடு கட்டப் போகிறோம். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் பரவலாக்கிய முறையில், கூரையை ஃபில்லர் ஸ்லாப்பாக, அதாவது கான்கிரீட்டுக்குள் ஓடு பதித்த தளமாக, வார்க்க ஆசை. தளத்தின் அடிப்பாகத்தில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். அங்கே கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை. அந்த இடத்தில் பழைய ஓடுகளை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்தால் சிமென்ட் மிச்சம், எடையும் குறையும், இடையில் நிற்கும் காற்று வெயிலையும் தடுக்கும். எனக்கு இது மிக அழகான யோசனையாகத் தெரிகிறது. இடித்த ஓட்டு வீடுகளின் ஓடு நம் ஊரில் தாராளமாகக் கிடைக்குமே!

சுவருக்கு ராட் டிராப் கட்டு. செங்கலைப் படுக்க வைக்காமல் பக்க விளிம்பில் நிறுத்தி உள்ளே பொள்ளல் விடும் முறை; ஏறத்தாழ 25% செங்கல் மிச்சமாகும்.

ஆனால் பேசிப் பார்த்த கொத்தனார்கள் யாரும் செய்ததில்லையாம். "கூரை ஒழுகும், வேண்டாம்" என்கிறார்கள். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் வீட்டில் அம்மாவும் தயங்குகிறார்.

மார்த்தாண்டம், குலசேகரம், நாகர்கோவில் வட்டாரத்தில் இப்படிக் கட்டியவர்கள் இருந்தால் சொல்லுங்கள். சில மழைக்காலம் கண்ட கூரையை நேரில் பார்த்தால் அம்மாவுக்கும் நம்பிக்கை வரும். கம்பி இடைவெளியைக் கணக்கிட்டு வரைபடம் தரும் பொறியாளர், பழகிய கொத்தனார் யாரையாவது தெரிந்தாலும் உள்பெட்டியில் எழுதுங்கள். அப்புறம், மேலே தட்டை ஓடு பதிப்பதா, நீர்க்காப்புப் பூச்சு போதுமா? அதையும் சொன்னால் நல்லது.